'கிவ் அப்' பாடத்துக்கு அந்த அம்மா சொன்ன உதாரணம்

மூன்று வருடங்களுக்கு முன், மாங்காய் சீசன் முடிகிற நேரத்தில் நடந்தது இது. சித்தூரில் எங்கள் வீட்டு மாடியில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். நர்சிங் முடித்த பெண்கள், பங்காருபாளையம் பக்கத்து மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் வேலை பார்ப்பவர்கள், திருப்பதி ஓட்டல்களில் ரிசப்ஷனுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் என்று பல பேர் வருவார்கள். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு, மிச்சம் ஏதாவது இருந்தால் ஆங்கிலம் என்று வகுப்பு ஓடும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நாலு பேர் சிரித்தால்தான் கூச்சம் போகும் என்பது என் கட்சி.

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் சொல்லைப் படித்தாலும், அவரவர் வாழ்க்கையில் நிஜமாக நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொல்லும்வரை உட்காரக் கூடாது.

அன்றைக்கு 'கிவ் அப்'. பிடித்து வைத்திருந்ததை விட்டுவிடுவது என்று பலகையில் எழுதினேன். பழக்கத்தை விட்டால் சொல்லலாம், வேலையை விட்டால் சொல்லலாம், நம்மால் ஆகாது என்று முயற்சியை விட்டாலும் சொல்லலாம் என்று விளக்கினேன். ஒருவர் சிகரெட்டை விட்டிருந்தார். ஒரு பெண் காபியை விட்டிருந்தாள். இன்னொருவர் பேங்க் பரீட்சையையே விட்டிருந்தார். கடைசி பெஞ்சில், குடிபாலாவிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும், வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். எழுந்து நின்றவர் வாயே திறக்கவில்லை. நானும் விடவில்லை. ஐந்து நிமிடம் நின்றிருப்பார். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "ஐ கேவ் அப் மை டாட்டர்" என்றார்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "பொண்ணு என்ன சிகரெட்டாம்மா, விட்டுட்டு வர்றதுக்கு?" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. அவரும் லேசாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள், அவர் ஊரிலிருந்து வரும் நர்சிங் பெண் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"மேடம், அந்தக்கா சொன்னது நெஜம். ரெண்டாவது பொண்ண கைக்கொழந்தையிலயே நாத்தனாருக்குக் குடுத்துட்டாங்க. அவங்களுக்குக் கொழந்த இல்லன்னு வீட்டுப் பெரியவங்க பேசி முடிச்சது. புனேல இருக்காங்க, வீட்ல இந்தியும் இங்கிலீஷும்தான். அந்தப் பொண்ணுக்குத் தமிழும் வராது, தெலுங்கும் வராது. இப்பதான் அதுக்கு விஷயம் தெரியுமாம். அடுத்த வாரம் திருப்பதி வருது. அதுங்கூட பேசணும்னுதான் அக்கா இங்கிலீஷ் கத்துக்கினு இருந்தாங்க."

நிஜத்தைச் சொல்லு என்று நிற்க வைத்ததும் நான்தான், சொன்னதும் சிரித்ததும் நான்தான்.

மறுநாள் காலையிலேயே குடிபாலாவுக்குப் போனேன். அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பதறி எழுந்தார். வாசலில் நின்றபடியே, "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"ஐயோ, இன்னா மேடம் நீங்க! உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீங்க சிரிச்சதுக்காவ நின்னுடல மேடம். இத்தினி வருஷமா அத வாய்விட்டு யார்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னப்பறம் பயமாப்போச்சி. அது எதிர்ல நின்னு எப்டிப் பேசப் போறேன்?"

பேச வைக்கிறேன் என்று சொன்னேன். அதற்கப்புறம் ஒரு வாரம் நான்தான் தினமும் பஸ் ஏறினேன். ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக்கொண்டே அவர் ஐந்து வாக்கியங்களை மனப்பாடம் செய்தார். என்ன படிக்கிறாய், உடம்பு நன்றாக இருக்கிறதா, உன்னை நினைக்காத நாளில்லை என்று அந்த மாதிரி. கடைசி நாள், "நீங்களும் வந்துடுங்க மேடம், பக்கத்துல இருந்தா போதும்" என்றார்.

திருப்பதியில் அவர்கள் தங்கியிருந்த லாட்ஜுக்குக் கீழே ஒரு டிபன் கடை. அங்கேதான் பார்த்தோம். அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. அதே நெற்றி, அதே மூக்கு. அழைத்து வந்த நாத்தனார், பேசுங்கள் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அந்த அம்மா ஐந்து வாக்கியங்களையும் தடுமாறாமல் சொல்லி முடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெண் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் ஒன்று கேட்டாள். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அக்காவை வைத்துக்கொண்டு என்னை மட்டும் ஏன் கொடுத்தீர்கள்? இதுதான் கேள்வி. வேறு எதையாவது சொல்லி மழுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனசு வரவில்லை, அப்படியே சொன்னேன்.

அந்த அம்மா அழவில்லை. இட்லித் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"பெரியவளுக்கு அப்ப மூணு வயசு மேடம். அவளக் குடுத்தா அம்மா அம்மான்னு தேடிக்கினு அழுவா. இதுக்கு எட்டு மாசம், ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் ஏன் அழணும், நான் ஒருத்தியே அழுதுக்கறேன்னு இதக் குடுத்தேன். அப்டியே சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தேன். எல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள், முதல் மாதமே நான் சொல்லிக்கொடுப்பவை. பாதியில் நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். கேட்டு முடித்த பெண் எழுந்து வந்து அந்த அம்மா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்: "நானும் அழுதேனாம். ரெண்டு மாசம் யார் கொடுத்தாலும் பால் குடிக்கலையாம். இவங்ககிட்ட சொல்லுங்க."

அதைத் தமிழில் நான் சொன்ன பிறகுதான் அந்த அம்மா உடைந்து அழுதார். பெண் அவரைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். பரிமாறுகிறவர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

எத்தனையோ பேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அவர்களில் பலர் நல்ல வேலையிலும் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த டிபன் கடையில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, ஒருத்தி அழுததை இன்னொருத்தியிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காகத்தான் நான் இந்தப் படிப்பைப் படித்தேனோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.