அப்பாவின் முதலெழுத்து

என் அண்ணனுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது நான் கண்டியில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. அப்பா நகரசபையில் தண்ணீர்க் குழாய் வேலைகளுக்கு மேற்பார்வையாளர். பேராதனை வீதியை ஒட்டிய ஏற்றத்தில் ஒரு வாடகை வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்தோம்.

எங்களில் மூத்த பேரனுக்கு அப்பா வழித் தாத்தாவின் பெயரைத்தான் வைப்பார்கள். அதனால் குழந்தைக்கு அப்பாவின் பெயர்தான் என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்தோம். அப்பா மட்டும் பிடிகொடுக்கவில்லை. தான் இருக்கும்போது தன் பெயர் எதற்கு, தன் தகப்பனின் பெயரை வைக்கலாம் என்றார். அந்தப் பெயர் எங்களுக்குத் தெரிந்ததுதான். அப்பா கையெழுத்துப் போடும்போது பெயருக்கு முன்னால் ‘க’ என்று எழுதுவார். அதன் முழு வடிவம் அவருடைய பள்ளிக்கூடச் சான்றிதழில் இருந்தது.

அண்ணியின் தகப்பனார் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவர். நீல அட்டை போட்ட ஒரு தடித்த கொப்பியில் தன் வம்சத்தை ஏழு தலைமுறைக்கு எழுதிவைத்திருந்தார். பேரன் பிறந்த கையோடு எங்கள் பக்கத்தையும் சேர்த்து எழுத வந்துவிட்டார். அப்பாவின் பெயரை எழுதி முடித்து, அதற்கு மேலே கோடு இழுத்து, சான்றிதழில் இருந்த பெயரை எழுதப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இதை இப்போது எழுத வேண்டாம், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார். வந்தவருக்கு முகம் ஒருமாதிரியாகிவிட்டது. தேநீரை முழுவதும் குடிக்காமலே எழுந்து போனார்.

அதன் பிறகுதான் அப்பா எங்களிடம் வாய் திறந்தார். நாலு வயதில் பழனிப் பக்கத்திலிருந்து தாய் தகப்பனோடு மடுல்கெல்லையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர் அவர். வந்த சில வாரங்களில் தகப்பன் காய்ச்சலில் இறந்துபோனார். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு மேலே, மலைச் சரிவில் புதைத்தார்கள். அப்பா அவரை ‘அய்யா’ என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறார். தாய் அதற்குப் பிறகு பத்து வருடம் இருந்தாள். புருஷன் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, பெண்கள் சொல்லக்கூடாது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் இடாப்பு வாசித்தபோதுதான் அப்பா அந்த ‘க’ பெயரை முதன்முதலாகக் கேட்டார். வீட்டுக்கு வந்து, இதுவா அய்யா பேர் என்று தாயிடம் கேட்டார். அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே அழுதாள்.

“அன்னைக்கிருந்து எனக்கு அந்தப் பேர் மேல ஒரு சந்தேகம். பேரனுக்கு வைக்கிறதுக்கு முந்தி அது சரிதானான்னு தெரியணும்,” என்றார் அப்பா.

முப்பது வருடத்துக்கு மேலாக அந்த எழுத்தைப் போட்டுக் கையெழுத்து வைத்த மனிதர் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட.

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் நானும் மடுல்கெல்லைக்கு பஸ் ஏறினோம். தோட்டத்துக் கந்தோரில் இருந்த இளம் கிளாக்கர் நல்லவர். பழைய பேரேடுகளில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. எங்களுக்கு வேண்டிய பக்கம் தப்பியிருந்தது. அதில் அப்பாவின் தாயுடைய பெயர் அழகான எழுத்தில் இருந்தது. அதன் கீழே, மகன், வயது நாலு. தகப்பன் இறந்துவிட்டார் என்றும், பக்கத்தில் அதே ‘க’ பெயரும். அப்பா அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். எழுதியவர் யார் என்று நான் கேட்டேன். வேலையை விட்டுப் பல வருடமாகிறது, யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது கண்டியில் மகளோடு இருக்கிறார் என்று சொல்லி விலாசம் எழுதித் தந்தார் கிளாக்கர். எங்கள் வீட்டிலிருந்து அரை மைல்கூட இல்லை.

மறுநாளே போனோம். அவருக்கு எழுபது வயதிருக்கும். எங்களைக் கதிரையில் உட்காரவைத்து, அப்பா சொன்னதை முழுவதும் கேட்டார். அந்தத் தாயை ஞாபகமிருக்கிறதா என்று அப்பா கேட்டார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எத்தனையோ பேரைப் பதிந்தேன், ஞாபகமில்லை என்றார். ஆனால் எப்படிப் பதிந்தார் என்பதைச் சொன்னார்.

“புருசன்ர பேரைக் கேட்டால் ஒரு பொம்பிளையும் வாய் திறக்கமாட்டினம், தம்பி. மலையிலை நிக்கிற சாமியின்ர பேர் எண்டு மலைப்பக்கம் கையைக் காட்டுவினம். எங்கட ஊரிலை அந்தச் சாமிக்கு என்ன பேரோ, அதைத்தான் நான் எழுதினனான்.”

“எங்க பக்கத்துல அந்தச் சாமிய வேற பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க, ஐயா,” என்றார் அப்பா.

“ஓம். அது எனக்குக் கனகாலம் கழிச்சுத்தான் விளங்கினது. பிழை எண்டும் சொல்ல ஏலாது, சரி எண்டும் சொல்ல ஏலாது. அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. திருப்பிக் கேட்டிருக்கலாம். கேக்கேல்லை.”

அப்பா கோபப்படவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் எரிச்சல்தான் வந்தது. பழனிப் பக்கத்து வழக்கைப் பார்த்தால் அந்தப் பெயர் ‘ப’வில் தொடங்கியிருக்கலாம், வேறு நாலைந்து எழுத்துகளிலும் தொடங்கியிருக்கலாம். இனிக் கேட்க ஆள் இல்லை.

இறக்கத்தில் பாதி வழி வந்ததும் அப்பா நின்றார்.

“பேர் பதியிறப்ப அம்மா மலையக் கைகாட்டுனது எனக்கு ஞாபகம் இருக்கு. சேலையப் புடிச்சிக்கிட்டுப் பக்கத்துலதான் நின்னேன். அய்யாவப் பொதைச்ச எடத்தக் காட்டுறாங்கன்னு இத்தன வருசமும் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வளர்ந்த பிறகு அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அண்ணியின் தகப்பனாரை வரச்சொல்லி அப்பா எல்லாவற்றையும் சொன்னார். தகப்பன் பெயர் தெரியாது, அப்படியே எழுதிவிடுங்கள் என்றார். அவர் என்ன நினைப்பாரோ என்று அண்ணி கதவருகில் நின்று விரலைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவரோ கொப்பியை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். ஏழு தலைமுறை ஆண்களின் பெயரும் என்னிடம் இருக்கிறது, ஆனால் என்னைப் பெற்றவளைப் பெற்றவள் பெயர்கூட எனக்குத் தெரியாது என்றார். அதை அவர் அன்றைக்குத்தான் கவனித்தார் போலிருந்தது.

அப்பாவின் தாயுடைய பெயரை எழுதலாமே என்று நான் சொன்னேன். அது பேரேட்டில் பிழையில்லாமல் இருந்தது. தன் பெயரைச் சொல்ல அவளுக்குத் தடை இருக்கவில்லை. அப்பா தலையாட்டினார். பிறகு அண்ணியின் தகப்பனார் எழுதினார். அந்தக் கொப்பியில் ஒரு பெண்ணின் பெயரோடு தொடங்கும் பக்கம் எங்களுடையது மட்டும்தான்.

குழந்தைக்கு அப்பாவின் பெயரையே வைத்தோம். இப்போது அவர் மறுக்கவில்லை. முப்பதாம் நாள், அத்தை என்ற முறையில் நான்தான் தொட்டிலில் குனிந்து அதன் காதில் மூன்று தடவை பெயரைச் சொன்னேன். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அம்மாவின் முறை வந்தது. புருஷன் பெயர்தானே, அவர் ஒதுங்கிக்கொள்வார் என்று எல்லாரும் அடுத்த ஆளுக்கு வழிவிட்டார்கள். அம்மா நகரவில்லை. வியர்த்த முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு குனிந்தார். குழந்தைக்கு மட்டும் கேட்கும்படி அல்ல, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, முழுப்பெயரையும் சொன்னார்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவோ நேராகக் குசினிக்குப் போய், பாயசத்துக்கு முந்திரி வறுக்கத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பேரனைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிட்டார். அவனும் மூன்று வயதுவரை, தன் பெயரை யார் கேட்டாலும் தம்பி என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.