எலுமிச்சை இனித்த நாட்கள்

தண்ணீர் விஷயத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் கஞ்சர்கள். அதில் தப்பொன்றும் இல்லை. போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர், அதுவும் வந்தால்தான் உண்டு. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வரும். வருகிற அன்று குடம், அண்டா, பிளாஸ்டிக் டிரம் என்று கண்ணில் படுகிற எல்லாவற்றிலும் பிடித்து வைத்துக்கொள்வோம். அந்தக் குடிதண்ணீரைத்தான் நான் செடிகளுக்கு ஊற்றினேன்.

நான் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். கடைசிப் பல வருடங்கள் பெங்களூர் ரூட். அங்கே நர்சரிகளில் வெளிநாட்டுப் பழச்செடிகள் என்று எதைப் பார்த்தாலும் வாங்கி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவந்துவிடுவேன். அதியமான்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலம் அப்படித்தான் நிறைந்தது. மங்குஸ்தான் இலை ஓரம் கருகிக் கருகியே போய்ச் சேர்ந்தது. துரியன் ஒரு கோடையைக்கூடத் தாண்டவில்லை. ரம்புட்டான் உயிரோடு இருக்கிறது. காய்க்கிற உத்தேசம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

மாவும் புளியும் ஏனென்று கேட்க ஆளில்லாமலே காய்த்துக் கொட்டுகிற ஊர் இது. இங்கே வந்து துரியன் வைக்கிறவனைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? என் மனைவி எல்லோரையும்விட அதிகம் சிரித்தாள்.

"ஆசை இருக்குது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்குது கழுதை மேய்க்க. குடிக்கிற தண்ணிய இப்படிக் கொண்டுபோய் ஊத்தறீங்களே, வூட்டுக்கு வர்றவங்களுக்கு நான் என்னத்தக் குடுக்கறது?" என்பாள். நான் டியூட்டிக்குப் போன நாட்களில் அரிசி கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைத்துச் செடிகளுக்கு ஊற்றியவளும் அவள்தான். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அந்தச் செடிகளில் ஒன்று மிராக்கிள் பழம். சின்னதாகச் சிவப்பாக இருக்கும். ஒரு பழத்தை வாயில் போட்டுச் சப்பிவிட்டு எலுமிச்சை தின்றால் எலுமிச்சை இனிக்கும் என்று நர்சரியில் சொல்லிக் கொடுத்தார்கள். இனிப்பு பழத்தில் இல்லை, பழம் நாக்கை ஏமாற்றுகிறது. அதற்கு அமில மண் வேண்டும் என்றார்கள். எங்கள் மண்ணோ சுண்ணாம்பு மண். ஆகவே பெரிய சிமெண்ட் தொட்டியில் தேங்காய் நார்த்தூள் போட்டு, மழைத் தண்ணீரும் ஒகேனக்கல் தண்ணீரும் மட்டுமே ஊற்றி வளர்த்தேன். பல வருடங்கள் அது இலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது.

அதற்குள் அவளுக்கு நோய் வந்துவிட்டது. பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, எல்லோருக்கும் தெரிந்த நோய்தான். சேலத்து ஆஸ்பத்திரியில் கீமோ ஆரம்பித்தார்கள். முடி போனதற்கு அவள் கவலைப்படவில்லை. ருசி போனதுதான் அவளை உடைத்தது. எதை வாயில் வைத்தாலும் துருப்பிடித்த ஆணியை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். கருவாட்டுக் குழம்பு, ராகிக் களி, அவளே போட்ட மாங்காய் ஊறுகாய் எல்லாமே துரு. தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டு வந்து ஸ்பூனால் ஊட்டிப் பார்த்தாள். நடக்கவில்லை.

"வெயிட் இப்படியே குறைஞ்சா அடுத்த ஊசியைப் போட முடியாதுங்க. எதையாவது உள்ளே போக வைங்க," என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் தொட்டியில் இருந்த செடி பூத்தது. நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. இருந்தாலும் அன்றைக்குத் தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் கும்பிட்டு நின்றேன். கீமோவில் ருசி போனவர்களுக்கு இந்தப் பழம் உதவுகிறது என்று எங்கள் பழச்செடி வாட்ஸ்அப் குரூப்பில் எப்போதோ படித்திருந்தேன். டாக்டரிடம் கேட்டேன். கெடுதல் இல்லை, கொடுத்துப் பாருங்கள் என்றார். அணில் தின்றுவிடாமல் இருக்கச் செடிக்குக் கொசுவலை கட்டினேன்.

முதல் பழம் பழுத்ததும் கழுவிக் கொண்டுபோய் அவள் வாயில் போட்டேன். சொன்னபடி நாக்கில் புரட்டிச் சப்பினாள். எலுமிச்சைத் துண்டை நீட்டினேன். கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இனிக்குதுங்க," என்றாள்.

"நெசமாவா?"

"கரும்புச் சாறு கணக்கா இருக்குதுங்க. சோறு கொண்டாங்க, அந்தச் சூட்டோட ரெண்டு வாய் சாப்டுடறேன்."

சாப்பிட்டாள். ரசம் ஊற்றிப் பிசைந்த சோறு, கால் தட்டு இருக்கும். நான் வாசலுக்குப் போய் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுததாக அதற்கு முன் எனக்கு நினைவில்லை.

அதன் பிறகு தினமும் அதுதான் முறை. ஒரு பழம், ஒரு துண்டு எலுமிச்சை, அப்புறம் சோறு. குறைந்த எடை கொஞ்சம் ஏறியது, ஊசியும் தொடர்ந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான் பெருமை பீற்றிக்கொண்டேன். சிரித்தவர்களைப் பின்னால் கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டினேன். "தாசில் பண்றனா, கழுதை மேய்க்கறனா?" என்று அவளையும் கேட்டேன். சிரித்தாள். வாய் பூராவும் புண் வந்த வாரங்களிலும் அவள் நிறுத்தவில்லை. எரியவில்லையா என்று கேட்டால், இனிப்பு எங்காவது எரியுமா என்பாள். காய்ப்பு குறைவு என்பதால் ஒரு பழத்தைக்கூட நான் வாயில் போடவில்லை. நல்ல நாக்குக்கு அது எதற்கு?

ஊசியெல்லாம் போட்டு முடித்தும் நோய் கேட்கவில்லை. அவள் போய்விட்டாள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, பொம்மிடியில் இருந்து ஒருவர் துக்கம் கேட்க வந்தார். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர், என்னைப் போலவே பழச்செடிப் பைத்தியம். டீ குடித்துவிட்டு, பேச்சு ஓடாமல், செடிகளைப் பார்க்கலாமா என்றார். தொட்டி அருகே வந்ததும் குனிந்து பார்த்தார்.

"இது என்ன செடிங்கண்ணா?"

சொன்னேன். அவர் ஒரு இளங்கொழுந்தைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தார். "அது சப்போட்டா சாதிங்கண்ணா. கிள்ளினா பால் வரணும். இது வேற ஏதோ. தின்னா ஒண்ணும் பண்ணாது, ஆனா அது இல்ல. எனக்கும் இப்படித்தான் ஒருத்தன் மாத்திக் குடுத்தான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எம் பொண்டாட்டி மாசக்கணக்கா இதத் தின்னவ. எலுமிச்ச இனிக்குதுன்னு அவ வாயாலயே சொன்னா. உங்களுக்கு என்னா தெரியும்?" என்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்று கிளம்பிவிட்டார்.

அவர் போனதும் ஒரு பழத்தைப் பறித்தேன். சப்பினேன். சப்பென்றுதான் இருந்தது. ஃபிரிட்ஜில் கிடந்த எலுமிச்சையை நறுக்கி ஒரு பாதியைக் கடித்தேன். பல் கூசி, காது வரைக்கும் இழுத்தது. எலுமிச்சை எலுமிச்சையாகவே இருந்தது. இன்னொரு பழத்தைப் போட்டு மறுபடியும் கடித்தேன். அப்போதும் அதே புளிப்பு.

மகளுக்குப் போன் போட்டேன். அந்தப் பழம் வேலை செய்யாதது உனக்குத் தெரியுமா என்று நேராகவே கேட்டேன்.

"தெரியும்ப்பா. ஒரு நாள் நானும் தின்னு பாத்தேன். அம்மாகிட்ட கேட்டா, வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"ஏன்?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "உங்கப்பா இத்தினி வருசம் வளத்து இப்பதான் ஒண்ணு காச்சிருக்குது, அதப் போயி புளிக்குதுன்னு எப்பிடிடி சொல்றதுன்னாங்க."

போனை வைத்துவிட்டு எலுமிச்சையின் இன்னொரு பாதியை எடுத்துக் கடித்தேன். என் வாயில் புண் எதுவும் இல்லை. இருந்தும் விழுங்க முடியாமல் துப்பிவிட்டேன்.