ஒளித்து வைத்த ரொட்டி

அன்று அந்த வீட்டில் இருந்தது நாலு பேர்: வெளிநாட்டிலிருந்து வந்து ஆரோவில்லில் குடியிருந்த ரூத்தம்மா, அவர் அண்ணன், வீட்டு வேலை பார்த்த என் அம்மா, எட்டு வயது நான். இன்று அடுப்பில் சப்பாத்தி தீய்ந்த வாசனை வந்ததும் அந்த நாள் நினைவுக்கு வந்தது.

அது யூதர்களின் பாஸ்கா பண்டிகை. எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர், மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் தப்பியோடினார்களாம். அதனால் அந்த வாரம் புளிக்காத ரொட்டிதான். புளித்தது வீட்டிலேயே இருக்கக் கூடாது. அவர்கள் விட்ட கண்ணீருக்காகக் கிண்ணத்தில் உப்புத் தண்ணீர். அது எங்கள் அப்பா உப்பளத்தில் வாரிய உப்பு.

"ஒரு துணுக்கு ரொட்டி கெடந்தாலும் என் வேலை போயிடும்டி" என்று அம்மா சொல்லியிருந்தாள். தலையணைக்குப் பின்னால், துணியில் சுற்றிய, அங்கங்கே தீய்ந்த பாதி ரொட்டியைக் கண்டதும், அம்மா கவனிக்காமல் விட்ட புளித்த ரொட்டி என்று நினைத்துப் பாவாடையில் சொருகிக்கொண்டேன்.

சாப்பிட்டதும் ரூத்தம்மா, "ஒளிச்சி வெச்ச ரொட்டி எங்க? அத தின்னாம விருந்து முடியாது" என்றார். அண்ணன் சோபாவுக்கு அடியில் தேடினார். அம்மாவின் முகம் வெளுத்தது.

"குப்பையோட பெருக்கிட்டனாம்மா?"

அழுதுகொண்டே எடுத்து நீட்டினேன். நொறுங்கியிருந்தது.

ரூத்தம்மா சிரித்துவிட்டார். "கெட்டிக்காரி. இதுவும் புளிக்காத ரொட்டிதான், புள்ளைங்க தேடட்டும்னுதான் ஒளிச்சி வெப்போம். கண்டுபுடிச்ச புள்ளைக்குக் காசு குடுத்துத்தான் இத வாங்கணும். எவ்ளோ வேணும்?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "அம்பது."

"பண்டிகை நாளு, இன்னிக்குக் காசத் தொட மாட்டோம். ரெண்டு நாள் கழிச்சி வா. உன் கையிலதான் குடுப்பேன்."

ரொட்டியை எடுத்து நொறுக்கியதற்குத் திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று பயந்து நான் போகவில்லை. இரண்டு முறை அம்மாவிடம் சொல்லியனுப்பினார். அப்புறம் தன் நாட்டுக்கே போய்விட்டார். பாக்கி ஐம்பது ரூபாய்.