நாத்தனார் தூங்கிய கல்யாணம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மறதியும் ஜாஸ்தி. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆவணியில் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் என் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. நாங்கள் கடலூர்க்காரர்கள். மகனுக்கு மூத்தவள் என் மகள். அவள் விமானம் ஓட்டுகிறாள். பெரிய பைலட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் வேலை. சீக்கிரமே கேப்டன் பயிற்சிக்கு எடுப்பார்கள் என்று ஆவலாகக் காத்திருந்தாள்.

கல்யாணத்துக்கு லீவு வாங்கியிருந்தாள். முதல் நாளே வந்து படுத்துத் தூங்குவதாகத்தான் பேச்சு. ஆனால் மழையில் அவள் விமானம் எங்கேயோ நின்றுபோய், விடியும்போதுதான் சென்னையில் இறங்கியிருக்கிறாள். அங்கிருந்து வாடகைக் காரில் நேரே மண்டபத்துக்கு வந்தாள். அதற்கு முன்னாலும் பல நாளாக இருட்டோடு எழுந்து போகிற வேலையாம். "கார்லயாவது தூங்கினியா?" என்றேன். "கண்ணை மூடினா ரன்வேதாம்மா தெரியுது" என்றாள்.

தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவது எங்கள் வழக்கம். மகள் குனிந்து போட்டாள். முடிச்சு நழுவிவிட்டது. மறுபடி போட்டாள், மறுபடி நழுவியது. "பிளேன் ஓட்டுற கையா இது!" என்று பெண்கள் சிரித்தார்கள். மூன்றாம் தடவைதான் நின்றது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். எனக்கு அந்த நழுவின முடிச்சுதான் கண்ணிலேயே நின்றது.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கம்பெனியிலிருந்து போன். மறுநாள் காலை விமானத்துக்குப் போக வேண்டியவருக்கு உடம்பு சரியில்லையாம். லீவை விட்டுவிட்டு வரச் சொல்லிக் கேட்டார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

பக்கத்தில் என் அண்ணன் நின்றிருந்தார். பண்ருட்டியில் பலா, முந்திரி வியாபாரம். சத்தமாகத்தான் பேசுவார். "நாளைக்குத்தானே? ஸ்ட்ராங்கா ஒரு காபி குடிச்சுட்டு சாயங்காலம் கார் ஏறும்மா. கேப்டனாவுற நேரத்துல மாட்டேன்னு சொல்லாத" என்றார்.

"ஒரு முடிச்சே கைக்கு வரல மாமா. நாளைக்கு என்னை நம்பி ஒரு கூட்டமே பின்னால உக்காந்திருக்கும்."

நான் மெதுவாகக் கேட்டேன்: "முடியலன்னா வேலையை விட்டு எடுத்துடுவாங்களா?"

"எடுக்க முடியாதும்மா. களைப்புன்னா பறக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. ஆனா கல்யாண வீட்டுலேந்து சொன்னா யாரு நம்புவாங்க? பேரு கெட்டுடும். பயிற்சிக்குக் கூப்பிடாம வுட்டாலும் வுட்டுடுவாங்க."

அவள் கண்கள் சிவந்திருந்தன. "நம்பாட்டி போவட்டும். நீ உள்ளதைச் சொல்லிடு" என்றேன்.

சொன்னாள். கம்பெனிக்குத் திரும்பக் கூப்பிட்டு இங்கிலீஷில்தான் பேசினாள். மேளச் சத்தம் கேட்கிறதே, ஆட்டம் போட்டுக் களைத்துவிட்டீர்களா என்று அங்கே போனை எடுத்தவர் கேட்டாராம். "என் தம்பி கல்யாணம், மேளம் கேக்கத்தான் செய்யும். நாளைக்குப் பறக்குற நிலைமையில நான் இல்ல. இப்ப தூங்கப் போறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை அறையில் கட்டில் நிறையப் பெட்டிகள். எல்லாவற்றையும் கீழே இறக்கி அவளைப் படுக்க வைத்தேன். கதவைச் சாத்தி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள் நான். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சம்பந்தியம்மா வந்து, "நாத்தனார் பந்திக்கு வரலன்னா எங்களுக்குக் கொறையா இருக்காதா?" என்றார். "தூங்குறா சம்பந்தி" என்றேன். ஆரத்திக்குக் கூப்பிட வந்தவர்களிடம், "அண்ணன் பொண்ணை எடுக்கச் சொல்லுங்க" என்றேன். என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். போய் ஒரு தட்டில் சாப்பாடு கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் அண்ணன் வந்தார். "வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்ல வேண்டிய மாப்பிள்ளை அம்மா, கதவாண்ட குந்தியிருக்கியே! ஊரு என்னா பேசும்?"

"பேசிட்டுப் போவட்டும் அண்ணே. அவ எழுந்திரிக்கிற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அண்ணனிடம் நான் அப்படிப் பேசினதே இல்லை. அவர் விறுவிறுவென்று போய், பாட்டு போடுகிறவனிடம், "டேய், சவுண்டைக் கொறடா! புள்ள தூங்குது!" என்று கத்தினார். பாட்டை விட அவர் கத்தினதுதான் ஜாஸ்தி. நல்லவேளை, அவள் எழுந்திருக்கவில்லை.

நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில்தான் எழுந்து வந்தாள். "அம்மா, பசிக்குது" என்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கடலூர் வீட்டுக்கு வந்தும் மறுபடி படுத்து, மறுநாள் வெயில் வந்தபின்தான் எழுந்தாள்.

அவளுடைய பெரிய அதிகாரி போன் பண்ணினார். வேறு பைலட் போய் விமானம் நேரத்துக்குக் கிளம்பிவிட்டதாம். "நீங்க செஞ்சதுதான் சரி. நல்லா தூங்கிட்டு வாங்க" என்றாராம். அடுத்த மாதமே கேப்டன் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். இப்போது பண்ருட்டி முழுக்க அண்ணன்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "எங்க வீட்டுப் பொண்ணு களைப்புன்னா பறக்க மாட்டா. மத்த நாளு அவ பிளேன்ல நீங்க தைரியமா ஏறலாம்."

கல்யாண ஆல்பத்தில் பல படங்களில் மகள் இல்லை, நானும் இல்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை. முடியவில்லை என்று தைரியமாகச் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும். அது என் பெண்ணுக்கு இருக்கிறது என்று அன்று தெரிந்தது. எனக்கும் இருக்கிறது என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

விமான விதியை எனக்குப் புரிந்த மட்டும் எழுதியிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திப் போடுங்கள். கதவாண்ட உட்கார்ந்ததை மட்டும் திருத்த வேண்டாம். அது அப்படியே நடந்தது.