இரண்டு வெள்ளை ஒயர்கள்

பட்டாபிராமில் நாங்கள் குடியிருக்கும் ஃப்ளாட்டில், போன வாரம் பெய்த மழைக்குப் படுக்கையறைச் சுவர் ஊறிவிட்டது. அந்த ஈரச் சுவரின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்கிறீர்களா? இருபத்திரண்டு வயதில் டை கட்டிக்கொண்டு திரிந்த என் மேல்தான்.

அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. சுவரின் ஈரத்தை மின்சாரத்தால் இறக்கும் பெட்டி விற்றோம். ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள், விஷயம் உண்மைதான். செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. துளையின் உட்புறத்தை ஒட்டிய நீருக்கு மின்னேற்றம் உண்டு. சுவரில் பிளஸ் கம்பியும் தரையில் மைனஸ் கம்பியும் வைத்தால் அந்த நீர் மைனஸை நோக்கி நகரும். மீதித் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கும். இதை நான் ஒப்பித்த தோரணையைப் பார்த்தால், நானே கண்டுபிடித்தவன் என்று நினைத்திருப்பீர்கள்.

கரையான்சாவடியில் நூர்ஜகான் அக்கா வீட்டுக்குப் பெட்டி மாட்டப் போனேன். கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு மேல், இறந்துபோன அவர் கணவர் பென்சிலால் எழுதிய பெயர்களும் போன் நம்பர்களும் இருந்தன. ஈரம் அதற்கு ஒரு சாண் கீழே நின்றது.

“இந்த எழுத்தாண்ட மட்டும் ஈரம் வரக்கூடாது தம்பி. அவரு கையெழுத்துன்னு ஊட்ல வேற இன்னா கீது?”

அதன் பக்கத்தில் கறுப்பும் சிவப்புமாக ஒயர் ஓடினால் அசிங்கமாக இருக்கும் என்றார். பெரிய ரசிகன் மாதிரி இரண்டையும் வெள்ளை ஒயராகவே இழுத்தேன். பெட்டியில் விளக்கு எரிந்தது, கிளம்பிவிட்டேன்.

வாரா வாரம் போய் ஈரம் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, உயரத்தை நோட்டில் குறிப்பேன். கோடு ஏறிக்கொண்டே போனது.

“இன்னா தம்பி, மேல ஏறிகினே கீது?”

“மூணு மாசம் ஆகும்க்கா.”

கம்பெனியில் சொல்லிக்கொடுத்த பதில். அவரும் நம்பினார்.

ஆறாவது வாரம், எழுத்தின் கீழ்வரிசை பொருக்குப் பொருக்காக உதிர்ந்த பிறகுதான் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டும் வெள்ளை என்பதால் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்: பிளஸ் தரையில், மைனஸ் சுவரில். ஒன்றரை மாதமாக நானே தண்ணீரை மேலே ஏற்றியிருக்கிறேன்! முதல் நாளே மீட்டர் வைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. முதலாளிக்குப் போன் போட்டேன். “மழைன்னு சொல்லிட்டு வாய்யா” என்றார். அப்படியே சொன்னேன். சத்தம் போடாமல் ஒயரை மாற்றிப் போட்டேன்.

சுவர் காய்ந்தது. காயக் காய உப்புப் பூத்து, ஊறியிருந்த பூச்சு முழுவதும் பொடியாகக் கொட்டியது. எழுத்தும் அதோடு போனது.

“நீ சொன்னாப்லயே மூணு மாசத்துல காஞ்சிடுச்சுப்பா. எழுத்து போனதுக்கு நீ இன்னா பண்ணுவ, மழை” என்று அக்கா டீ கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். போகட்டும். வாரா வாரம் பென்சிலும் நோட்டுமாக அந்தச் சுவர் முன்னால் நின்றவன் நான். ஈரத்தின் உயரத்தை ஒரு வாரம்கூட விடாமல் எழுதிக்கொண்டேன். அக்காவின் கணவர் எழுதியிருந்ததில் ஒரு வரியைக்கூட எழுதிக்கொள்ளவில்லை.