சொட்டாத வண்டி

ஒரு கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, காருக்கு அடியிலிருந்து அட்டையை இழுப்பார் பெரியப்பா. டிவி வந்த பெட்டியைப் பிரித்து எடுத்த அட்டை. இரவெல்லாம் எஞ்சினுக்குக் கீழே கிடந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். "ஒரு சொட்டு இல்ல பாரு. தெருவுல புது வண்டியெல்லாம் ஒழுகுது." பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கும்படிதான் சொல்வார். பிறகு பானட்டைத் திறந்து, டப்பாவின் கோட்டுக்குக் கீழே இறங்கிப்போன, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை ஊற்றி நிரப்புவார். கீழே சொட்டாதது உள்ளே எப்படிக் குறைகிறது என்று கேட்டால், "சூட்டுல ஆவியாப் போயிரும்டா டிகிரி" என்பார்.

டிகிரி என்பது நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன். அதை என்னைவிடப் பெருமையாகச் சொல்லித் திரிபவர் அவர்தான். வேலைக்காக ஊரைவிட்டு வந்து அவர் வீட்டு மாடி அறையில் தங்கியிருக்கிறேன்.

அவருக்குப் பெயின்ட் கடையில் கலர் கலக்கும் வேலை. சுவரிலிருந்து பெயர்ந்த பொருக்கு ஒன்றைக் கொண்டுபோனால் போதும். மெஷின் காட்டும் கணக்கைச் சட்டை செய்யமாட்டார். "இது வெள்ளை இல்லம்மா, தூக்கம் கலையாத வெள்ளை" என்று சொல்லிக்கொண்டே மஞ்சளில் ஒரு பொட்டும் கறுப்பில் அரைப் பொட்டும் சேர்ப்பார். காய்ந்த பிறகு எது பழசு, எது புதுசு என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. ஆனால் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் வாடை அவருடைய மூக்கை என்றோ தின்றுவிட்டது. பால் திரிந்துவிட்டதா என்று பெரியம்மா முகர்ந்து சொல்லவேண்டும்.

காரில் முன் சீட்டு பெரியம்மாவுடையது. மடியில் டீ பிளாஸ்க். ஊர் எல்லை தாண்டியதும் மூடியில் ஊற்றிக் கொடுப்பார், தானும் குடிப்பார். சர்க்கரை தூக்கலான டீ. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடத் தொடங்கியிருந்த காலம் அது. அவருடைய விரல்கள் லேசாக நடுங்கின. யாரும் அதைப் பேசவில்லை.

அப்போதுதான் முன் சீட்டின் கால்பக்கம் கார்ப்பெட் ஈரமானது. பெரியப்பா இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். பிசுபிசுத்தது. பின்னால் இருந்த எனக்கே இனிப்பாக ஒரு வாடை வந்தது. வேறென்ன, டீதான் என்று நானும் நினைத்தேன்.

பெரியம்மாவின் தம்பி வீட்டு வாசலில் வைத்துப் பெரியப்பாவின் எரிச்சல் வெடித்தது. எல்லோரும் வரவேற்க நின்றிருந்தார்கள். காரைவிட்டு இறங்கியவர் கதவை விரியத் திறந்து காட்டினார். "உங்க அக்கா லட்சணத்தைப் பாருங்க. ஒரு மூடி டீயைச் சிந்தாமப் பிடிக்கத் தெரியல. சின்னப் புள்ளைக்குக் கட்டுற மாதிரி கழுத்துல ஒரு துணி கட்டிவிடணும்." தம்பி மனைவி சிரித்துவிட்டார். பெரியம்மா தன் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று திரும்பும்போதே அவர் பின் சீட்டில் ஏறினார். பிளாஸ்க் பரணுக்குப் போனது. அதற்குப் பிறகும் கார்ப்பெட் காயவில்லை. "பழைய ஈரம், இழுத்து வச்சிருக்கு" என்றார் பெரியப்பா.

ஒருநாள் கடைக்குப் போகும் வழியில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பட்டறையில் மெக்கானிக் ரேடியேட்டர் வாயில் பம்பு ஒன்றை மாட்டிக் காற்றை ஏற்றினார். பம்பின் முள் மெல்ல இறங்கியது, எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். வண்டிக்கு அடியில் தரை காய்ந்தே கிடந்தது.

"நான்தான் சொன்னேனே, சொட்டாது" என்றார் பெரியப்பா.

"அண்ணே, நீங்க கீழேயே தேடிக்கிட்டு இருக்கீங்க. இது உள்ளேயே குடிச்சு உள்ளேயே துப்புது." மெக்கானிக் முன் கதவைத் திறந்து, வெள்ளைத் துணியைக் கார்ப்பெட்டில் அழுத்தினார்.

"அது டீ. வீட்டுல சிந்தினது."

துணி திரும்பியது. வெளிறிய ரோஜா நிறம். "இந்தக் கலர்ல டீ போடுறாங்களா? அந்தக் கையைக் கும்பிடணும்ணே." சிரித்துவிட்டு விளக்கினார்: டேஷ்போர்டுக்குள் ஹீட்டருக்கென்று சின்ன ரேடியேட்டர் ஒன்று உண்டு. அது விரிசல் விட்டிருக்கிறது. அதிலிருந்து வழியும், இனிப்பு வாடையடிக்கும் ரோஜா நிறக் கூலன்ட் முன் சீட்டில் இருப்பவரின் காலடியில்தான் வந்து தேங்கும்.

வெள்ளைக்குள் மஞ்சளைக் கண்டுபிடிக்கிற மனிதர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டேஷ்போர்டைக் கழற்றிப் போட்டு, அந்தச் சின்ன ரேடியேட்டரையும் ஹோஸ்களையும் மாற்றினார்கள். கூலன்ட் நிரப்பி, காற்று வெளியேற எஞ்சினை ஓடவிட்டார்கள். மறுபடி பம்பு மாட்டியபோது முள் அசையவில்லை. கார்ப்பெட்டை மட்டும் பெரியப்பா யாரிடமும் விடவில்லை. பட்டறைக் குழாயடியில் உட்கார்ந்து, தண்ணீர் தெளிவாக ஓடும்வரை தானே தேய்த்தார்.

வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றார். "அது டீ இல்லையாம்."

"எது?"

"கார்ல. வண்டிதான் ஒழுகியிருக்கு."

பெரியம்மா அடுப்பைத் தணித்தார். "ரெண்டு கையாலதான் பிடிச்சிருந்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தின ஞாபகம் இல்ல. ஆனாலும் நீங்க சொன்னதும் நான்தான்னு நம்பிட்டேன்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இப்போ கை நெசமாவே ஆடுது" என்றார். பெரியப்பா எதையோ சொல்ல வாயெடுத்து, தண்ணீர் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது பெரியப்பா முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பெரியம்மா கவனித்தாரா என்று தெரியவில்லை. பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா முன் கதவைச் சாத்திவிட்டு, சாவியை என்னிடம் நீட்டினார். "நீ ஓட்டு, டிகிரி." சுற்றிப் போய்ப் பின்னால் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

வழியெல்லாம் பெரியம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். மடியில் எதுவும் இல்லை. வேகத்தடைக்கு நான் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் கண்ணாடியில் தெரிந்தது: பெரியப்பாவின் உள்ளங்கை நீண்டு, பெரியம்மாவின் முழங்கைக்குக் கீழே, தொடாமல், ஏந்தியபடி நின்றது.