பயிற்சியாளர்களுக்கு ஒரு நாள் வகுப்பு

அந்த வகுப்புக்கு நான் விரும்பிப் போகவில்லை. விளையாடும் பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பயிற்சியாளர்கள் எல்லோரும் ஒரு நாள் கட்டாயம் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. சத்துவாச்சாரியில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹால். கபடி, தடகளம், கைப்பந்து என்று முப்பது பேர் இருந்தோம். நான் பளுதூக்குதல். இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கே வகுப்பா என்ற கடுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

வகுப்பெடுத்தவர் ஒரு பெண் மருத்துவர். மதியம் வரை போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சொன்னார்: "சில பிள்ளைங்க ரொம்ப நாள் வாடிப்போய் இருப்பாங்க. திடீர்னு ஒரு நாள் அமைதியாயிடுவாங்க. தனக்குப் பிடிச்ச பொருளை எடுத்து யாருக்காவது குடுத்துடுவாங்க. நாம, சரியாயிட்டாங்கன்னு நினைச்சுக்குவோம்."

போனைக் கீழே வைத்தேன்.

அதற்கு எட்டு மாதம் முன்பு என்னிடம் பயிற்சி எடுத்த ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாள். பத்தொன்பது வயது. ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா வேர்க்கடலை பயிரிடுபவர். அம்மாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் வேலை. முதல் பஸ்ஸைப் பிடித்து, எனக்கு முன்பே வந்து பயிற்சிக்கூடக் கதவருகே நிற்பாள்.

மாநிலப் போட்டியில் ஒரு எடைப் பிரிவு கீழே இறக்கினால் அவளுக்குப் பதக்கம் நிச்சயம் என்று முடிவு செய்தவன் நான். சோற்றை நிறுத்தச் சொன்னேன். நான்கு கிலோ குறைத்தாள். போட்டியில் மூன்று முறையும் தூக்க முடியாமல் பளுவைக் கீழே போட்டாள். திரும்பி வரும்போது ரயிலில் அவளோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பிறகு தாமதமாக வர ஆரம்பித்தாள். தூக்கம் வரவில்லை என்றாள். "ஜாஸ்தி யோசிக்காத. வெயிட்டத் தூக்கு, தானா தூக்கம் வரும்," என்றேன். ஒரு நாள் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். எல்லோர் முன்னாலும், "டிராமாவ வீட்லயே முடிச்சிட்டு வா," என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் மிச்சப் பயிற்சியை முடித்தாள். அதை என் கண்டிப்புக்குக் கிடைத்த பலன் என்று நினைத்தேன்.

கடைசியாக வந்த அன்று முகம் தெளிவாக இருந்தது. இடுப்பில் கட்டும் பெல்ட்டைக் கழற்றி ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்தாள்.

"உனக்கு வேணாமா?" என்று கேட்டேன்.

"வேற வாங்கிக்கறேன் மாஸ்டர்," என்று சிரித்தாள்.

அவள் தேறிவிட்டாள் என்று அன்று என் மனைவியிடம் சொன்னேன். மூன்றாம் நாள் செய்தி வந்தது.

ஹாலில் எழுந்து கையைத் தூக்கினேன். "அப்படிக் குடுக்கறப்ப நாம இன்னா கேக்கணும் மேடம்?"

"சாகணும்னு தோணுதான்னு நேராவே கேக்கணும். கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது. ஆமான்னு சொன்னா, தனியா விடாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்." என் முகத்தைப் பார்த்தவர், "சார், உங்ககிட்ட யாராவது..." என்று நிறுத்தினார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். காரியத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போயிருக்கவில்லை. அப்பா நிலத்தில் இருந்தார். அம்மா நாற்காலி எடுத்துப் போட்டார். சோற்றை நிறுத்தியது, ரயிலில் பேசாமல் வந்தது, டிராமா என்றது, பெல்ட்டை அவள் கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் என் பாரம் குறையும் என்று நினைத்துத்தான் போயிருக்க வேண்டும்.

அம்மா சொன்னார்: "எங்கிட்டயும் தூக்கம் வரலன்னு சொன்னா மாஸ்டர். கம்பெனி வேன் வர்ற நேரம், அப்புறம் பேசலாம்னுட்டேன். இத்தன நாளா என்னாலதான்னு இருந்தேன். இப்ப நீங்க வந்து உங்களாலன்றீங்க. அத வச்சிகினு நான் இன்னா பண்றது?"

நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"அவங்கப்பா வர்றதுக்குள்ள கெளம்பிடுங்க. அவருக்கு இதெல்லாம் தெரிய வேணாம்."

இப்போது பிள்ளைகளிடம் அந்த மருத்துவர் சொன்ன கேள்வியை நேராகவே கேட்கிறேன். சென்ற மாதம் ஒருத்தியிடம் கேட்டபோது தரையைப் பார்த்தபடி, "ஆமா மாஸ்டர்," என்றாள். அவள் அண்ணனை வரவழைத்து, மூவரும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிகிச்சை நடக்கிறது. பளுதூக்குவதை விட்டுவிட்டாள். பெண்ணின் மண்டையில் இல்லாததையெல்லாம் நான் ஏற்றிவிட்டதாக அவள் அப்பா விளையாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறார். வரும் திங்கட்கிழமை விசாரணை. நடந்ததைச் சொல்லத்தான் போகிறேன். எந்தப் பெண்ணிலிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.